முப்பத்திரண்டு மாடி

சுண்டுவிரல் நகத்தில் பாதிதான்.
அதன் முதுகில் ஒரு டெராபைட் என்று
வெள்ளை எழுத்தில் அச்சடிக்க
அடுத்த கடைக்காரருக்கு இரண்டு நொடி.
மெய்யா என்று பார்க்க
எனக்கு ஓர் இரவு.

ஷென்ஜென், ஹுவாசியாங்பேய்,
மூன்றாம் தளத்தில் கட்டில் அகலக் கடை.
பெங் முதலாளி விற்கிறார், நான் நிரப்புகிறேன்.
ஒன்று இரண்டு மூன்று என்று
எண்களை வரிசையாய் உள்ளே எழுதிவிட்டுத்
திரும்பக் கேட்பேன்:
சொல், உன்னிடம் என்ன கொடுத்தேன்?

நல்ல அட்டை
விடியும்வரை வாங்கிக்கொண்டு அப்படியே ஒப்பிக்கும்.
போலி, எதைக் கொடுத்தாலும்
சரி என்னும், சரி என்னும்.
போதும் என்ற சொல் அதற்கு வராது.
இடம் தீர்ந்ததும்
முதலில் எழுதியதன் மேலேயே எழுதிக்கொள்ளும்
சத்தம் காட்டாமல்.

நல்லவை சிவப்பு டப்பாவில். மற்றவை நீலத்தில்.
இரண்டும் விற்பனைக்குத்தான்.
யாருக்கு எது என்பது
முதலாளி காதுமடலைச் சொறிவதில் இருக்கிறது.

ஹோங்லியாங் வந்தபோது சொறிந்தார்.

மஞ்சள் சட்டை, ஹெல்மெட்டில் இரண்டு துணிக்காது,
வாசலில் இன்னும் அணையாத ஸ்கூட்டர்.
கையடக்க கேம் கருவியை
உறையிலிருந்து எடுத்து வைத்தான்,
முட்டையை வைப்பதுபோல.
சமையல் முடியும்வரை உணவக வாசலில் ஏழு நிமிடம்,
லிஃப்டுக்கு மூன்று,
கதவு திறக்க ஒன்றரை.
அவன் ஆடியதெல்லாம் அந்தத் துண்டுகளில்தான்.
கடலடியில் ஒரு நகரம் கட்டியிருக்கிறானாம்,
நூற்று நாற்பது மணி நேரமாய்.
நீல டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தது
என் சாமணம்.

ஒன்பதாம் நாள் திரும்பி வந்தான்.
கடைசியாய் ஏற்றிய கார்ப் பந்தயம் ஓடுகிறது.
நகரத்தைக் காணோம்.
"உன் கருவியில் கோளாறு," என்றார் பெங்
போனிலிருந்து கண்ணெடுக்காமல்.

கடை சாத்தியபின் பின்மாடிப்படியில்
என் மடிக்கணினியில் அட்டையைச் செருகிக் காட்டினேன்.
ஆயிரத்து இருபத்து நாலு என்று பலகை.
உள்ளே இருப்பது முப்பத்திரண்டு.
"மீதி?" என்றான்.
கட்டவே இல்லை என்றேன்.
ஒரு மாடிதான் கட்டியிருக்கிறார்கள்,
கதவெண்கள் மட்டும்
முப்பத்திரண்டு மாடிக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்,
இரண்டாம் மாடிக்கு நீ கொடுத்தது
முதல் மாடிக்காரன் படுக்கையில் விழுந்திருக்கிறது.

கோபப்படுவான் என்று பார்த்தேன்.
சிரித்தான்.
அவனுக்கு மாதம் இரண்டு வருமாம் அப்படி:
பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில்
பத்தொன்பதாம் மாடி, நான்காம் எண்.
போன் எடுக்க மாட்டார்கள்.
"நீ என்ன செய்வாய்?"
"ஆறுமுன் தின்றுவிடுவேன்."

கடலடி நகரத்தை மீட்க முடியவில்லை.
அதை அவனிடம் மூன்று முறை சொல்லவேண்டியிருந்தது.
பிறகு அட்டையை அதன் மெய்யான அளவுக்கு வெட்டினேன்;
நான்கு நிமிட வேலை.
இனி அது முப்பத்திரண்டு என்றே சொல்லும்,
முப்பத்திரண்டையும் பத்திரமாய் வைத்திருக்கும்.
அந்த அளவுக்கு அது நல்ல அட்டைதான்.
மூன்று விளையாட்டுகளை வைத்துக்கொண்டு
மற்றதையெல்லாம் அழித்தான்.
பணத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை.
நானும் பேச்சை எடுக்கவில்லை.
ஒரு வாரம் அது உள்ளே உறுத்தியது,
பிறகு சம்பள நாள் வந்தது.

நேற்று இரவு பத்தரைக்கு மேலே வந்தான்,
கையில் தாமரைக்கிழங்கு சூப், எலும்போடு.
யாரோ இல்லாத வீட்டுக்கு வரவழைத்தது.
படியில் உட்கார்ந்து
ஒரே கரண்டியால் மாற்றி மாற்றிக் குடித்தோம்.
பக்கத்தில் மடிக்கணினி,
அதில் புதுச் சரக்கு ஒன்று நிரம்பிக்கொண்டிருந்தது,
அறுபத்தொரு சதவீதம்.

"இது எத்தனை மாடி?" என்றான்.

தெரியாது.
இன்னும் சரி சரி என்றுதான்
சொல்லிக்கொண்டிருக்கிறது.